ஓசை நிற்கும் இடம்

ஜூலை 8, திங்கள்

இன்று பள்ளிக்கு ஓர் இரும்புப் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே ஒரு ஜோடி ஜால்ரா, ஒரு கொத்துச் சலங்கை, இரண்டு மரக்கட்டைகள், எட்டு இரும்புத் தகடுகளை வரிசையாகப் பதித்த சின்ன வாத்தியம் ஒன்று, அதைத் தட்டக் குட்டிச் சுத்தியல், ஒரு பயிற்சிப் புத்தகம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையின் அடிப்படைகளை ஏழு வாரத்தில் சொல்லித்தர வேண்டுமாம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்தால் எங்களிடம் பத்தொன்பது பேர். ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியை தெய்வானை டீச்சரும் நானும்.

"நீங்களே எடுத்துக்கங்க சாந்தாமணி. உங்களுக்குத்தான் கணீர்னு குரல். நீங்க ஒண்ணாப்புல பாடம் நடத்துனா, அஞ்சாப்புல உக்காந்திருக்கற என் பிள்ளைங்க சேர்ந்து அனா ஆவன்னா சொல்றாங்க" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தறி ஓடும் வீட்டில் பிறந்து, தறி ஓடும் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டு, மூன்று பக்கமும் விசைத்தறிப் பட்டறை சூழ்ந்த பள்ளியில் வேலை பார்ப்பவள் நான். நாற்பத்து மூன்று வயதில் ஒரு தாலாட்டு கூடப் பாடியதில்லை. ஆனாலும் பெட்டியைப் பார்த்ததும் கை பரபரத்தது. யாரும் இல்லாதபோது எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டேன்.

வாத்தியத்தின் கடைசி இரண்டு தகடுகள் சரியில்லை. மற்றவை இனிமையாக ஒலிக்க, அவை மட்டும் பலகையைத் தட்டியதுபோல் 'டொக்' என்கின்றன. மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே 'இன்று எனக்கு வியப்பளித்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு வரிதான் எழுத முடியும். எனக்கு அது போதாது என்று தோன்றியது. அதனால் இந்த நோட்டு.

ஜூலை 10, புதன்

முதல் பாடம் கேட்பது. ஒரு நிமிடம் கண்ணை மூடி, காதில் விழுந்ததை எல்லாம் சொல்ல வேண்டும்.

"தறி!" என்று பத்தொன்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"தறியை விட்டுட்டுச் சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தறியை விட்டுவிட்டுக் கேட்க முடியும் என்று யாரும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கண்ணை மூடச் சொன்னேன். இந்த முறை குக்கர் விசில் வந்தது, சைக்கிள் மணி வந்தது, சத்துணவுக் கூடத்தில் கரண்டி விழுந்தது வந்தது. பலகை நிறைய எழுதினேன். எனக்கே வேடிக்கையாக இருந்தது.

நான்காம் வகுப்பு யோகப்பிரியா கை தூக்கினாள். ஜூனில்தான் சேர்ந்தாள். கொல்லிமலையிலிருந்து அப்பாவும் அம்மாவும் தறி ஓட்ட வந்திருக்கிறார்கள். மெல்லிய குரல். வாயைத் திறந்து பேசு கண்ணு என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த பிள்ளைதான் எடுத்துச் சொன்னாள்.

"ஓட்டுக்கு மேல அணில் குட்டிங்க கத்துதாங்க டீச்சர்."

அணிலும் இல்லை ஒன்றும் இல்லை. கற்பனை வளமுள்ள பிள்ளை என்று கட்டத்தில் எழுதினேன்.

ஜூலை 12, வெள்ளி

தொடையில் தாளம் போட்டுப் போட்டு வலது கை சிவந்துவிட்டது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எனக்கு எட்டில் ஒன்று எப்போதும் காணாமல் போகிறது.

ஜூலை 16, செவ்வாய்

காலம் பற்றிய பாடம். மெதுவாக, நடுவாக, வேகமாக. தாளம் போட்டுக்கொண்டே என்னால் பாடம் நடத்த முடியவில்லை. அப்போது ஒரு யோசனை வந்தது. பட்டறை எங்களுக்காக எந்நேரமும் தாளம் போட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்ச் சுவரோரம் நிறுத்தினேன். தறியின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு வைத்தால் ஓட்டம். இரண்டு அடிக்கு ஒரு எட்டு என்றால் நடை. நான்கு அடிக்கு ஒன்று என்றால் கோயில் யானை. பிள்ளைகள் யானையாகவே இருக்க விரும்பினார்கள். காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருக்கும்போது அவர்கள் முகத்தில் இருந்த கவனத்தைக் கணக்குப் பாடத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஓசைதான். அதற்குள் மூன்று வேகம் ஒளிந்திருக்கிறது. இத்தனை வருடம் இந்தச் சத்தத்தில் கிடந்தும் இது எனக்குத் தெரியாமல் போனதே!

ஜூலை 19, வெள்ளி

ஜால்ரா பாடம். புத்தகத்தில் படிக்க எளிதாக இருந்தது. ஆசிரியர் ஜால்ராவை ஒருமுறை தட்ட வேண்டும். பிள்ளைகள் கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். ஓசை அறவே நின்றுவிட்டது என்று தோன்றும்போது கையை இறக்க வேண்டும். ஓசைக்கு நீளம் உண்டு என்பதை இப்படித்தான் பிள்ளைகள் அறிவார்களாம்.

தட்டினேன். மூன்றாம் வகுப்பு சபரீஷின் கை சட்டென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓசை நின்றது. மற்றவர்களின் கைகள் அப்படியே இருந்தன. ஒரு கையும் அசையவில்லை. ஐந்து எண்ணிய பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. யோகப்பிரியா மட்டும் இறக்கவில்லை. நான் பன்னிரண்டு எண்ணினேன். கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவள்போல் நின்றாள்.

"யோகப்பிரியா, எப்பவோ நின்னு போச்சு. கையை எறக்கு."

"இன்னும் இருக்குதுங்க டீச்சர்."

"நான்தானே தட்டினேன்? எனக்குத் தெரியாதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கையை இறக்கினாள். நல்லவேளையாக சபரீஷ் இருந்தான். "பாருங்க, கேக்கலைன்னா கேக்கலைன்னு உண்மையச் சொல்றான். யார் முதல்ல வர்றதுன்னு போட்டியில்ல இது. நேர்மைதான் முக்கியம்" என்று எல்லோருக்கும் சொன்னேன். வகுப்பில் எப்போதும் திட்டு வாங்குகிற பையன் அவன். அவனுக்கு முகமெல்லாம் பல்.

ஜூலை 21, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். இரண்டு பெட்ஷீட் துவைத்தேன். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரர் மூன்று முறை எழுந்து வந்தார். நான் வைத்தது பதினெட்டில். அவருக்குப் பத்து போதுமாம். இந்த மனிதர் நூல் கடையில் நாள் முழுக்கக் கூச்சலில் நின்றுவிட்டு வருகிறார். வீட்டில் அமைதி தேடுகிறார் போலிருக்கிறது. பேசுவதும் அப்படித்தான். வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். என்ன என்று கேட்டால், "எதுக்குக் கத்தறே" என்பார்.

ஜூலை 23, செவ்வாய்

மறுபடியும் ஜால்ரா. மறுபடியும் அதே கதை. இந்த முறை இன்னும் நாலைந்து பேர் யோகப்பிரியாவைப் பார்த்துக் கையைத் தூக்கியே வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை பொய் சொன்னால் வகுப்பே தொற்றிக்கொள்கிறது.

"நீ அக்கட்டால போய் உக்காரு. நெசமாக் கேக்கறவங்க மட்டும் வெளையாடட்டும்" என்றேன். சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் ஒன்றும் அடிக்கவில்லை, கடுமையாகவும் பேசவில்லை.

இடைவேளையில் பிள்ளைகள் அவளைப் புளுகுக்காது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

வெற்றி! நான் தட்டினேன், ஓசை நின்றது, பத்தொன்பது கைகளும் ஒரே நேரத்தில் இறங்கின. நான்கு முறை செய்தோம். நான்கு முறையும் ஒரு கையும் முந்தவில்லை, பிந்தவில்லை. யோகப்பிரியாவையும் சேர்த்துத்தான். தெய்வானை டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். "ராணுவம் மாதிரி இருக்குது சாந்தாமணி" என்றார்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். நான்காவது முறை தட்டியபோது நான் ஜால்ராவைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். பாதிப் பேருடைய இமை முழுதாக மூடியிருக்கவில்லை. என் தோளையோ முகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசை முடிந்ததும் நான் ஜால்ராவைத் தாழ்த்துகிறேன் அல்லவா, அந்த அசைவுக்கு இறக்குகிறார்கள். அப்படியே இருந்தாலும் கவனம் வந்திருக்கிறது. அதுவே பெரிது.

ஜூலை 30, செவ்வாய்

யோகப்பிரியா இரண்டு நாளாக வரவில்லை. இன்று மதியம் அவளுடைய அம்மா அலமேலு வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"பள்ளிக்கோடம் வரமாட்டேங்கறாங்க டீச்சர். வயித்து வலிங்கறா. வயித்து வலி இல்லைன்னு எனக்குத் தெரியுது."

"என்னன்னு சொன்னாளா?"

அவர் தயங்கினார். "எம் பொண்ணு பொய் சொல்லமாட்டாங்க. நான் நாலு தறி ஓட்டறேன். பொழுதோட அவ வந்து ஓரமா உக்காந்திருப்பா. நூல் அறுந்தா, எந்தத் தறியின்னு நான் தேடறதுக்குள்ள அவ கை காட்டுவா. சத்தம் மாறுதுன்னு சொல்றா. அந்த எரைச்சல்ல எனக்குப் பக்கத்துல நிக்கறவங்க பேசறதே கேக்காது."

நாளைக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போன பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. இரைச்சலுக்குள் ஒரு நூல் அறுவதைக் கேட்கும் பெண்ணுக்கு, ஜால்ரா நின்றது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

ஆகஸ்ட் 1, வியாழன்

பள்ளி விட்ட பிறகு ஜால்ராவோடு உட்கார்ந்தேன். கயிற்றைப் பிடித்துத் தட்டினேன். காதருகே கொண்டுபோனேன். ஓசை தேய்ந்தது, மெலிந்தது, நின்றது. எங்கே போகிறது? உப்பு தண்ணீரில் கரைவதுபோலக் காற்றில் கரைகிறதா? இல்லை, சட்டென்று ஒரு விளிம்பில் விழுந்துவிடுகிறதா? பல முறை தட்டிப் பார்த்தேன். எனக்கு அது விளிம்பில் விழுவதாகவே தோன்றுகிறது. ஒரு கணம் இருக்கிறது, மறு கணம் இல்லை.

சும்மா இருக்காமல் ஒன்று செய்தேன். ஓசை நின்ற பிறகு ஜால்ராவின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். நகம் கூசியது. உள்ளே எறும்பு ஓடுவதுபோல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஓசை நின்றுவிட்டது, அதிர்வு நிற்கவில்லை. விநோதமாக இருக்கிறது. பக்கத்துத் தறிகளின் இரைச்சல்தான் கடைசிப் பகுதியை விழுங்குகிறது என்று நினைக்கிறேன். அமைதியான இடத்தில் செய்து பார்த்தால் தெரியும். ஆனால் இந்த ஊரில் அமைதி எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போய் வந்தோம். நல்ல கூட்டம். பாலத்தருகே அவர் திடீரென்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஒரு ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடிக்காமல் வருகிறான் பார் என்று திட்டினேன். அவர் வீடு வரும்வரை கையை விடவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

புதன்கிழமை மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் கரண்ட் இருக்காது. ஊரே தறியை நிறுத்தும்! தெய்வானை டீச்சரிடம் சொல்லி இரண்டு பாடவேளை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

யோகப்பிரியா வந்திருக்கிறாள். பேசுவதில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. காது அடைத்ததுபோல் இருந்தது. பிள்ளைகள்கூட மெதுவாகப் பேசினார்கள். திட்டத்தைச் சொன்னேன். ஜால்ராவைத் தெய்வானை டீச்சர் தட்டுவார். பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பி, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். யாரும் யாரையும் பார்க்க முடியாது. கை இறங்கும் நேரத்தை டீச்சர் செல்போன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துப் பலகையில் பெயருக்கு நேரே எழுதுவார். ஐந்தைந்து பேராக நிற்க வேண்டும்.

"நானும் நிக்கறேன்" என்றேன். தறி இரைச்சல்தான் காரணம் என்ற என் கட்சியை நிரூபிக்கத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கண்ணைக் கட்டிவிட்டாள். என்னோடு நின்றவர்கள் சபரீஷ், யோகப்பிரியா, இன்னும் மூன்று பேர்.

டீச்சர் தட்டினார். இருட்டுக்குள் அந்த ஓசை பெரிதாக வந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. இப்போது நீண்டு போகும் என்று காத்திருந்தேன். அது மெலிந்தது. அதே விளிம்புக்கு வந்தது. விழுந்துவிட்டது. கையை இறக்கினேன்.

கட்டை அவிழ்க்கலாம் என்று டீச்சர் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. வெகு நேரம் சொல்லவில்லை. என்னைத் தவிர எல்லோரும் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த மௌனத்தில் நான் தனியாக நின்றேன்.

பிறகு கட்டை அவிழ்த்தோம். பலகையில் இருந்தது இது. சபரீஷ் நான்கு வினாடி. மற்ற மூவர் பதினாறு, பதினேழு, பதினாறு. யோகப்பிரியா இருபத்து மூன்று. என் பெயர் இல்லை.

"என் பேரையும் எழுதுங்க டீச்சர்."

"எதுக்குங்க சாந்தாமணி. நீங்க சும்மாதானே நின்னீங்க."

"எழுதுங்க."

அவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். சாந்தாமணி, ஒன்பது.

இன்னும் இரண்டு முறை தட்டச் சொன்னேன். ஒன்பது, எட்டு.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "டீச்சர் தோத்துட்டாங்க!" என்று குதித்தார்கள். யோகப்பிரியா குதிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றவள் என் அருகில் வந்தாள். குனிந்து அவள் வாயைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

"நான் சீக்கிரமா எறக்கியிருக்கணுமுங்களா டீச்சர்?"

ஆகஸ்ட் 8, வியாழன்

முட்டை இருப்பு சரிபார்த்தேன். வருகைப் பதிவேட்டுக்குப் புது அட்டை போட்டேன். பீரோச் சாவியைத் தேடி அரை நாள் போயிற்று. அவளிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"ஏனுங்க, எனக்குக் காது மந்தமா?"

அவர் தம்ளரை வைத்தார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான் கேக்கறேன்."

"ரெண்டு மூணு வருசமா இருக்குது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் முணுமுணுக்கறேன்னு சண்டைக்கு வந்தே." தம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "உனக்கு எடது பக்கமா நடந்தா நான் பேசறது கேக்குது. அதனால அந்தப் பக்கமே நடக்கப் பழகிட்டேன்" என்றார்.

இப்படி எனக்காக எத்தனை பேர் எதையெல்லாம் பழகிக்கொண்டிருக்கிறார்கள்? தெய்வானை டீச்சர் பேசும்போது எப்போதும் என் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுப் பேசுவார். பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அந்த நான்கு வினாடியை மறந்துவிட்டேன். ஞாயிறு முழுக்க ஜால்ரா ஜால்ரா என்று மண்டைக்குள் ஓடி, இரவுச் சமையலின்போது சட்டென்று உறைத்தது. சபரீஷ் நேர்மையானவன் என்று பாராட்டினேனே, அவனுக்கு என்னைவிடக் குறைவாகக் கேட்கிறது.

பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தறிக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காதுல சீ வருமுங்க டீச்சர். சின்னதுலருந்தே. எண்ணெய் காச்சி ஊத்துவோம், நின்னுரும். மறுபடி வரும்."

"கூப்புட்டா திரும்பறானா?"

"எங்க திரும்பறான்! அது திமிருங்க. அப்பன் மாதிரி."

நானும் அவனை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான். காதில் இனி எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை அவனையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். "நீங்க எதுக்குங்க?" என்றார். "எனக்கும் பாக்கணும்" என்றேன். வெளியாள் ஒருவரிடம் இதை முதல்முதலாகச் சொன்னேன். சொன்ன பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

அரசு மருத்துவமனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். ஓசை கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு நான் வைத்த அதே தேர்வு. நிறைய நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தொடர்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். அப்படியானால் ஓசை வந்துகொண்டுதான் இருக்கிறது என்று புரிந்தது. பொய்யாக அழுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஏன் தோன்றியது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காகிதத்தில் ஒரு கோடு காட்டினார். இடமிருந்து கொஞ்ச தூரம் சமமாகப் போய், வலது பக்கம் பள்ளத்தில் இறங்குகிறது. "கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்கும். கீச்சுக் குரல், மணி, பறவை, 'ச', 'த' மாதிரி எழுத்து, அதெல்லாம்தான் குறையுது. தறி வீடுங்களா?"

"பொறந்ததுலருந்து."

"இது திரும்பி வராதும்மா. மெஷின் போட்டா உதவும். ஒரு மாசத்துல வரும். இனிமே பட்டறைப் பக்கம் போனா காதை மூடிக்கங்க."

சபரீஷுக்கு இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. அது சரியாகக்கூடியது. சொட்டு மருந்து, மாத்திரை, காதில் தண்ணீர் படக் கூடாது. சீழ் முழுதாக நின்ற பிறகு ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் அவன் அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். "திமிருன்னு நெனச்சு எத்தனை அடி அடிச்சிருக்கேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தெய்வானை டீச்சரிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லைங்க. மெஷின் வந்தா மாட்டிக்கங்க, முடி மறைச்சுக்கும். இசையை மட்டும் நான் எடுத்துக்கறேன். நீங்க என் அஞ்சாப்புக் கணக்கை எடுத்துக்கங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தோணாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். பெரிய நிம்மதியாகவும் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பிள்ளைங்களுக்குத் தோணிருச்சுங்க டீச்சர். ஒருத்தி தனக்குக் கேக்கறதைக் கேக்கலைன்னு சொல்லப் பழகிட்டா. அதைச் சொல்லிக்கொடுத்தது நான்."

டீச்சர் என் தோளைத் தொட்டார். இந்த முறை திருப்பவில்லை.

"அப்பத் திங்கக்கெழம முதல் பாடவேளை உங்களுக்குத்தான்" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முன்தினமே என்ன பேசுவது என்று எழுதி வைத்திருந்தேன். வகுப்பில் நின்றபோது அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"போன மாசம் யோகப்பிரியா பொய் சொல்றான்னு சொன்னேன் இல்லீங்களா? அவ சொன்னது நெசம். எனக்குத்தான் காது சரியாக் கேக்கலை. எனக்குக் கேக்காததை இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. அதுக்கப்பறம் நீங்க எல்லாரும் உங்க காதை விட்டுட்டு என் கையைப் பாத்து எறக்குனீங்க. அதுவும் என் தப்புதான்."

வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"யோகப்பிரியா, என்னை மன்னிச்சுக்க கண்ணு."

டீச்சர் ஒருவர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் சபரீஷ் எழுந்து, "எனக்கும் கேக்காதுங்க டீச்சர்! ஓட்டை!" என்று பெருமையாகச் சொன்னான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இனி அவன் முதல் வரிசையில், சற்று நன்றாகக் கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி உட்காருவான்.

சிரிப்பு அடங்கியதும் யோகப்பிரியா எழுந்து முன்னால் வந்தாள். இந்த முறை வாயை நன்றாகத் திறந்து, எனக்குப் புரிகிற மாதிரி கேட்டாள்.

"உங்களுக்கு எது வரைக்கும் கேக்குதுங்க டீச்சர்?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. மன்னித்த மாதிரியும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆவல் மட்டும் இருந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஜால்ராவை ஒரு பிள்ளையிடம் கொடுத்துத் தட்டச் சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையின் இடது ஓரத்தில் வைத்தேன். ஓசை இருக்கும்வரை சாக்பீஸை நகர்த்தினேன். நின்றதும் எடுத்துவிட்டேன். ஒன்றரை முழம் நீளத்துக்கு ஒரு கோடு.

"இது வரைக்குந்தான்."

அவள் கோட்டின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். சடக்கென்று முறிந்த கோடு.

"மீதிய நான் போடட்டுங்களா?"

சாக்பீஸைக் கொடுத்தேன். மறுபடியும் தட்டினார்கள். என் கோட்டுக்குக் கீழே அவள் தொடங்கினாள். அழுத்தமாக ஆரம்பித்து, என் கோடு முடிந்த இடத்தைத் தாண்டிப் போனாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மெலிந்தது, ஆனால் அறுபடவில்லை. விளிம்பு எதுவும் வரவில்லை. நூல்போல இழைந்து இழைந்து போனது. பிள்ளைகள் எல்லோரும், கண்ணைத் திறந்துகொண்டே, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பலகை முடிந்துவிட்டது. மரச்சட்டத்தில் கையை நிறுத்தி அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் எழுதினால் ஒரு பாடவேளை முட்டி போட வேண்டும் என்பது இந்த வகுப்பில் நான் போட்ட சட்டம்.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பப் போடு."

அவள் சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குப் போனாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கோடு. நான் கிட்டப்போய், சுவரருகே கண்ணை வைத்து, எங்கே நிறுத்தப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.